பெயர் கொடுக்குமுன்

தமிழகக் கடற்கரையில் பேரிடரின் மாதமும் திருச்சபையின் பண்டிகை மாதமும் ஒன்றாகவே வருகின்றன. 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. 2015இன் பெருவெள்ளம் உச்சத்தைத் தொட்டது டிசம்பர் 1 இரவு. வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் முதல் வாரம். 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல், இரண்டும் நவம்பர் கடைசியில். கீத பவனிக்குப் பெயர் எழுதும் அதே வாரத்தில்தான் நிவாரணக் குழுவுக்கும் பெயர் கேட்பார்கள். ஆராதனை முடிவில் அறிவிப்பு வரும். ஆயரின் குரல் தழுதழுக்கும். பக்கத்து வரிசையில் ஒருவர் கை தூக்குவார், நாமும் தூக்கிவிடுவோம். மறுநாள் விடிகாலையில் டெம்போ கிளம்பிவிடும். யோசிக்க நேரமே இருக்காது.

அதனால்தான் இந்த அத்தியாயத்தை ஜூலையிலோ ஆகஸ்டிலோ படியுங்கள் என்கிறேன். தண்ணீர் வந்தபின் இதைக் கையில் எடுத்தவர்கள், உடம்பைப் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பாரமும் பயனும்

நம் சபைகளில் இப்படிப் போகிறவர்களைக் கேட்டால், "ஆண்டவர் எனக்குப் பாரம் தந்தார்" என்பார்கள். அந்தப் பாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது இல்லாதவர் போகவே வேண்டாம். ஆனால் முடிவெடுக்க அது மட்டும் போதாது. இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் போவதால் அங்கே தண்ணீரில் நிற்பவரின் சுமை குறையுமா, கூடுமா?

கூடவும் செய்யும். பேரிடர் காலத்தில் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது உலகெங்கும் நிவாரண அமைப்புகள் ஏற்றுக்கொண்ட 'ஸ்ஃபியர்' அளவு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. இருபது பேர் கொண்ட குழு ஒரு நாள் தங்கினால் 300 லிட்டர். அதை நீங்களே கொண்டுபோகாவிட்டால், முகாமுக்கு வரும் அதே லாரியிலிருந்துதான் எடுப்பீர்கள். கழிவறைக்கும் அதே வரிசைதான். இரவில் படுக்க அதே பள்ளிக்கூட வராந்தாதான்.

சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலைபோலக் குவிந்து, மழையில் நனைந்து அழுகியது. கொடுத்தவர்கள் அத்தனை பேரும் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். குளித்து மாற்ற ஒரு புதுப் புடவையும் உள்ளாடையும் நாப்கினும் கேட்ட பெண்களுக்கு, யாரோ கழித்துப்போட்ட சட்டைகள் வந்து சேர்ந்தன. அந்தக் குவியலை அள்ளி அப்புறப்படுத்துவது அங்கே இருந்த பணியாளர்களுக்கு இன்னொரு வேலையாயிற்று.

வேதாகமத்தில் இதற்கு இரண்டு இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வேன். ஒன்று நெகேமியா. எருசலேமின் இடிந்த மதிலைக் கட்ட வந்தவர், வந்ததும் கூட்டம் கூட்டவில்லை. இரவில் சில பேரோடு போய் எந்த வாசல் எரிந்திருக்கிறது, எங்கே கல் சரிந்திருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். அதுவரை தன் திட்டத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. வேலை தொடங்கியபோது பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத்தான் கட்டினார்கள். இன்னொன்று லூக்கா பத்தாம் அதிகாரத்துச் சமாரியன். அவன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். கையில் இருந்த எண்ணெயையும் திராட்சரசத்தையும் காயத்துக்கு வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், ஒரு இரவு உடன் இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். செலவு கூடினால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். காயப்பட்டவனின் மதத்தை அவன் விசாரித்ததாகக் கதையில் இல்லை. நிரந்தரமாக அந்த இடத்தில் இருப்பவன் சத்திரக்காரன்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நிவாரணப் பணியில் நாம் பெரும்பாலும் சமாரியன் இடத்தில் இருக்கிறோம். நம் ஊரில் சத்திரக்காரர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டுக்கு எதிரே

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர் தொண்டு செய்ய வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகு திறந்தால் கொசஸ்தலை ஆறு தாமரைப்பாக்கம், வல்லூர், மணலி புதுநகர் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை நீளமாக ஒரு ஆபத்துக் கோடு போடும். ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் தாண்டி பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்து பழவேற்காட்டில் முடியும். இந்த இரண்டு ஆற்றங்கரைகளில் எந்த ஊர் முதலில் மூழ்கும் என்பது அங்கே வாழ்பவர்களுக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு சனிக்கிழமை பைக்கில் போய்க் கரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நெகேமியா இரவில் செய்ததை நாம் பகலில் செய்யலாம்.

பார்க்கும்போது, நிவாரண வண்டி நிற்காத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மதிப்பில் இந்த நூலிலேயே முக்கியமான அறிவுரை இதுதான். வண்டி எப்போதும் மெயின் ரோட்டில் நிற்கும். கூட்டம் அங்கேயே சேரும். பொட்டலம் அங்கேயே தீர்ந்துவிடும். ஏரிக்கரையிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் இருக்கும் இருளர் குடிசைகள் சாலைக்குத் தெரியாது. செங்கல் சூளைக்கு உள்ளே தங்கியிருக்கும் குடும்பங்களைக் கண்டுபிடிக்கத் தேடித்தான் போக வேண்டும். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பங்களுக்குப் படகு இல்லாமல் ஒன்றும் போகாது. ஏரியில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் பெண்களுக்கு, தண்ணீர் கலங்கிய அன்றே வருமானம் நின்றுவிடும். வீடு இடியாததால் அவர்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் வராமலே போகக்கூடும்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டைச் சுற்றி, ஒரே அறையில் ஆறு பேர் எட்டுப் பேர் என்று தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். பிஹார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள். மிக்ஜாமுக்குப் பின் தமிழக அரசு கொடுத்த 6,000 ரூபாய் நியாயவிலைக் கடை வழியே, குடும்ப அட்டையை வைத்துக் கொடுக்கப்பட்டது. அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழில் எழுதத் தெரியாதவர் அந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்புவார்? மேட்டுக் குடியிருப்புகளில் இருக்கும் நம் சபைகள் பலவற்றில் இந்தி தெரிந்தவர், ஒடியா தெரிந்தவர் யாராவது இருப்பார். அவர் மூட்டை தூக்க வேண்டாம். மொழிபெயர்த்தாலே போதும்.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா விரைவு ரயில், நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின, தீயும் பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது இன்றும் நம்ப முடியாத செய்தி. முதலில் ஓடிவந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பயணிகளை அருகில் இருந்த கல்யாண மண்டபங்களில் தங்கவைத்தார்கள். பெரும்பாலோர் பிஹாருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த இரவில் ஒரு மண்டபத்தின் சாவி, குழந்தைகளுக்குப் பால், இந்தி பேசும் ஒரு வாய், சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் ஆகியவற்றின் மதிப்பு, மறுநாள் வேறு மாவட்டத்திலிருந்து வரும் ஒரு பஸ் தன்னார்வலர்களின் மதிப்பைவிட அதிகம். உங்கள் தேவாலயத்துக்கு ஒரு ஹால் இருந்தால், அதன் சாவி இரவு பத்து மணிக்கு யாரிடம் இருக்கும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களை உதவி பெறுபவர்களாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். இடம்பெயர்ந்து வாழ்வது என்றால் என்ன, வரிசையில் நின்று உணவு வாங்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பதை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. உங்கள் குழுவில் அவர்களும் இருந்தால் குழு சிறக்கும்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து காரில் பிரெட் பாக்கெட் ஏற்றிக்கொண்டு போவதையும் தனியாகப் போவதாகவே கணக்கிடுகிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தவர் ஒருவர், என்ன வேலை என்று சொல்பவர் ஒருவர், அடிபட்டால் பொறுப்பேற்பவர் ஒருவர் வேண்டும்.

இந்தியத் திருச்சபைகளுக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. பிரிவினையில் அகதிகளானவர்களுக்கு உதவ 1947இல் தொடங்கியது காசா என்ற அமைப்பு. கத்தோலிக்க ஆயர்களின் கரித்தாஸ் இந்தியா 1962இல் உருவானது. சுவிசேஷ ஐக்கியத்தின் ஈஃபிகோர் 1967இல். மறைமாவட்டங்களுக்குச் சமூக சேவைச் சங்கங்கள் உண்டு, பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. தென்னிந்தியத் திருச்சபைக்கும் லூத்தரன் சபைகளுக்கும் தனித் தனி ஏற்பாடுகள் உண்டு. பெரிய பெயர் என்பதற்காக ஒன்றில் சேர வேண்டியதில்லை. சிறிய சபையாக இருந்தாலும், தண்ணீர் வந்த ஊரில் பல ஆண்டுகளாக இருந்து, பக்கத்து வீட்டு இந்துக்களும் முஸ்லிம்களும் அதன் போதகரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தால், அதுவே சத்திரம்.

பெயர் கொடுக்கும் முன் அவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். தயங்காதீர்கள். ஊராட்சித் தலைவரிடமும் தாசில்தாரிடமும் பேசிவிட்டீர்களா? யார் யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போட்டது யார், அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டீர்களா? வேறு அமைப்பு அதே தெருவுக்கு அதே அரிசியைக் கொண்டுவருகிறதா? எங்களுக்குத் தங்குமிடம், தண்ணீர், கழிவறை என்ன? பெண் தன்னார்வலர்களுக்குத் தனி இடம் உண்டா? கணக்கை யாருக்குக் காட்டுவீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் குழுவோடு போக வேண்டாம். விசுவாசத்தோடு ஏற்பாட்டையும் செய்கிற குழு பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்.

மீட்பு வேலை நம்முடையது அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கயிறு கட்டி வெள்ளத்தில் இறங்குவது, இடிபாட்டுக்குள் நுழைவது, வாயு கசிந்த இடத்துக்குப் போவது ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற படை அரக்கோணத்திலேயே இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி, இந்த எண்களுக்குச் சரியான இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்வதுதான். மீட்பில்தான் மனம் போகிறது என்றால், ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சி எப்போது என்று கேட்டு முறையாகச் சேருங்கள்.

நற்செய்தியும் அரிசிப் பையும்

கிறிஸ்தவ வாசகரிடம் இதைச் சுற்றிவளைக்காமல் பேச வேண்டும். அரிசிப் பைக்குள் கைப்பிரதி வைக்கக் கூடாது. பொட்டலம் கொடுக்கும் வரிசையில் ஜெபம் செய்யச் சொல்லக் கூடாது. பெயர் எழுதும்போது மதத்தைக் கேட்கக் கூடாது. "நம் சபைக்கு வருகிறவர்களுக்கு முதலில்" என்ற பேச்சே எழக் கூடாது.

இதை வெளியார் யாரும் நம்மீது திணிக்கவில்லை. 1994இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, பேரிடர் நிவாரணத்துக்குப் பத்து அம்சங்கள் கொண்ட நடத்தை நெறி ஒன்றை வகுத்தன. உதவி தேவையை மட்டும் பார்த்தே வழங்கப்படும், எந்த அரசியல் அல்லது மத நிலைப்பாட்டையும் முன்தள்ள அது பயன்படாது என்பவை அதில் இரண்டு அம்சங்கள். அதை முன்னின்று உருவாக்கியவர்களில் கத்தோலிக்கரின் சர்வதேசக் கரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவை இருந்தன. கிறிஸ்தவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது.

காரணமும் எளிது. கழுத்தளவு தண்ணீரில் நின்று வந்த ஒரு தாய், குழந்தைக்குப் பால்பவுடருக்காக எதற்கும் தலையாட்டுவாள். அவள் அப்போது சொல்லும் 'ஆமென்'னுக்கு என்ன பொருள்? அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்வது அவளையும் நாம் வணங்குகிறவரையும் சேர்த்தே அவமதிப்பது. அதோடு, நீங்கள் கிளம்பிய பிறகும் அந்த ஊரில் வாழப்போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம் இருக்கிறது, பழைய முஸ்லிம் தெருக்கள் இருக்கின்றன, மீனவர்களின் கோயில்கள் இருக்கின்றன. எல்லோரும் ஒரே ஏரியை நம்பிப் பிழைக்கிறார்கள். ஒருநாள் வந்துபோகும் குழு போடும் முடிச்சை அவர்கள் ஆண்டுக்கணக்கில் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஒருவர் தானாகவே, "எனக்காக ஜெபம் பண்ணுங்க அக்கா" என்று கேட்டால்? பண்ணுங்கள். வரிசையை விட்டு விலகி, பொருள் கொடுத்து முடித்த பிறகு, அவர் கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக, மெதுவான குரலில். "நீங்க யாரு, ஏன் இதையெல்லாம் செய்றீங்க" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைக்க வேண்டியதில்லை, விரிவுரையும் வேண்டாம். இந்த எல்லைக்குள் நிற்பது உங்கள் மனசாட்சிக்குப் பொருந்தவில்லை என்றால், அது முடிவெடுக்க உதவும் நேர்மையான பதில்தான். நற்செய்திப் பணிக்கு வேறு களமும் வேறு காலமும் இருக்கின்றன. நிவாரணக் குழுவில் பெயர் கொடுக்க வேண்டாம்.

படம் எடுப்பதும் இதோடு சேர்ந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு பாக்கெட் அரிசியை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். வாங்குபவர் தலைகுனிந்து நிற்கிறார். கணக்குக்குப் படம் வேண்டுமானால் அடுக்கிவைத்த மூட்டைகளை எடுங்கள். முகங்களை விட்டுவிடுங்கள். குழந்தைகளின் முகத்தை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்று. பெற்றோரை இழந்த குழந்தையை, இரக்கப்பட்டு, நம் விடுதிக்கோ உறவினர் வீட்டுக்கோ அழைத்துவரக் கூடாது. 1098க்குச் சொல்ல வேண்டும். குழந்தைகள் நலக் குழுதான் முடிவெடுக்கும். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அரசே இல்லங்கள் திறந்து அந்தக் குழந்தைகளை வளர்த்ததற்குக் காரணம், அப்படிப்பட்ட நேரத்தில் குழந்தைகள் தவறான கைகளில் சிக்குவார்கள் என்ற அச்சம்தான். உங்கள் குழுவில் குழந்தைகளோடு தனியாக இருக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், போதகராக இருந்தாலும்.

உடம்பு, வேலை, வீடு

தொழிற்பேட்டை வெள்ளம் வயல் வெள்ளம் போன்றதல்ல. மிக்ஜாமின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியது. காட்டுக்குப்பம், எண்ணூர் குப்பம் மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 2025 ஜூலை 13 விடிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் எரிந்தபோது, அக்கம்பக்கத்து மக்களை அப்புறப்படுத்துவதே பெரிய வேலையாக இருந்தது. இப்படிப்பட்ட விபத்தில் தன்னார்வலரின் இடம் விபத்து நடந்த இடமல்ல, மக்கள் வந்து சேரும் இடம். வாயு நெடி அடித்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள். பார்க்கப் போகாதீர்கள்.

வெள்ளநீரில் கம்பூட் இல்லாமல் இறங்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை உண்டு, அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். திரும்பி வந்த பிறகு மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், "நான் வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தேன்" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள், முக்கியமாகக் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், தண்ணீரில் இறங்கும் வேலைக்கு வரவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. முழங்கால் அளவுதான் என்று ஓடும் தண்ணீரைக் குறைத்து எடைபோடாதீர்கள், அது ஆளைத் தள்ளிவிடும். பாம்பு கடித்தால் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மனதுக்கும் ஒரு கேள்வி உண்டு. கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் மரணம் நடந்திருந்தால், அல்லது நீங்களே 2015இலோ 2023இலோ மொட்டைமாடியில் இரவைக் கழித்தவராக இருந்தால், களத்துக்குப் போவது பழைய புண்ணைக் கீறக்கூடும். சிலருக்கு அதுவே ஆறுதலாகவும் அமையும். உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். போகும் எல்லோரும் திரும்பி வந்த வாரத்தில் ஒருமுறை கூடி உட்கார்ந்து, பார்த்ததைப் பேச வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காத குழு, அடுத்த புயலுக்கு ஆளில்லாமல் நிற்கும்.

சிப்காட்டில் வேலை செய்பவர்கள் லீவைப் பற்றித் தெளிவாக இருங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கலாம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதுவே வேலை போவதற்குக் காரணமாகலாம். குடும்பம் ஒரு சம்பளத்தை நம்பியிருந்தால், ஷிப்ட் முடிந்தபின் உள்ளூரில் செய்யும் நான்கு மணி நேர வேலையே உங்களுக்கு உரிய ஊழியம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதே என்று நினைக்கலாம். சிகிச்சை கிடைக்கும். ஆனால் ஊனத்துக்கான உதவித்தொகை வேலையின்போது நேரும் விபத்துக்குத்தான் உண்டு, நிவாரண இடத்தில் நேர்ந்ததற்கு இல்லை. அமைப்பு உங்களுக்குக் காப்பீடு எடுக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டாரிடம் கேட்டீர்களா? கணவரோ மனைவியோ, வயதான அப்பா அம்மாவோ மனமில்லாமல் அனுப்பிவைத்தால் அங்கே நீங்கள் முழு மனதோடு நிற்க மாட்டீர்கள். உங்கள் தெருவிலேயே தண்ணீர் நிற்கும்போது பக்கத்து மாவட்டத்துக்குப் போவதும் சரியல்ல.

பணமாகக் கொடுப்பவர்களுக்கு

போக முடியாதவர்கள் பணம் கொடுப்பது இரண்டாம் தர உதவி அல்ல. அப்போஸ்தலர் நடபடிகளில், பஞ்சம் வரும் என்று கேட்ட அந்தியோகியா சபை யூதேயாவுக்கு ஆட்களைத் திரளாக அனுப்பவில்லை. அவரவர் திராணிக்கு ஏற்றபடி சேகரித்து, பர்னபா, சவுல் என்ற இரண்டு பேர் கையில் கொடுத்து, அங்கிருந்த மூப்பர்களிடம் சேர்த்தார்கள். ரசீது வாங்குங்கள். வருமான வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் சபைக்கு நிவாரணப் பணம் அனுப்ப விரும்பினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) சபைக்குப் பதிவோ முன் அனுமதியோ இருந்தால்தான் வாங்கலாம். பதிவுள்ள அமைப்பு வாங்கிப் பதிவில்லாத சபைக்குக் கைமாற்றுவதும் 2020 திருத்தத்துக்குப் பின் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் இந்தத் தடை இல்லை.

பத்தாம் நாளுக்குப் பிறகு

முதல் மூன்று நாள் சாப்பாடு கொடுக்க ஊரே வரும். பத்தாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போதுதான் வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ள ஆள் வேண்டும், கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும், நனைந்த பாடப்புத்தகங்களுக்குப் பதில் புதியவை வாங்க வேண்டும், பாயும் தார்ப்பாயும் பாத்திரமும் வேண்டும். ஒரு மாதம் கழித்து வலைக்கும் படகு எஞ்சினுக்கும் கடன் கேட்டு அலைவார்கள். எந்த வாரம் போவது என்று உங்களுக்குத் தேர்வு இருந்தால், மூன்றாவது வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையை வீட்டாரோடு கொண்டாடிவிட்டு, மற்றவர்கள் திரும்பிவிட்ட பிறகு போகலாம். அதில் குறையொன்றும் இல்லை.

இன்னொரு வேலை இருக்கிறது. அதற்கு உடல் வலு தேவையில்லை, வயது தடையில்லை, லீவு போட வேண்டியதில்லை. வெள்ளத்தில் ஆதாரும் குடும்ப அட்டையும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் போய்விடும். 2015இலும் 2023இலும் அரசு இதற்கெனச் சிறப்பு முகாம்கள் நடத்தியது. முகாமுக்கு வந்தவர்களில் பலருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது, பழைய எண் நினைவிருக்காது, எந்த மேசைக்குப் போவது என்று புரியாது. இருளர் குடும்பம் ஒன்றுக்குச் சாதிச் சான்றிதழ் மீண்டும் கிடைப்பது, அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலக எழுத்தர்கள், கல்லூரி மாணவர்கள், இந்தி தெரிந்த சூப்பர்வைசர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ இந்த வாரமே போய், அடுத்த மழைக்குப் படிவம் எழுதும் குழு ஒன்றுக்குப் பெயர் எழுதச் சொல்லுங்கள், முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள்.